வளவோடு நின்றுபோகும் வைஃபை

காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டில் ரவுட்டரை முகப்பில் மாட்டினால் சிக்னல் வளவு (நடு முற்றம்) வரைக்கும்தான். செங்கலும் சுண்ணாம்புமாக அத்தனை தடிமன் சுவர். வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அங்கேயே படுத்துவிடும்; 2.4 கொஞ்சம் உள்ளே போகும், வேகம்தான் குறைவு.

அதனால் வளவுக்குப் பின்னாலுள்ள இரண்டாங்கட்டுக்குக் கேபிள் இழுத்து இன்னொரு ரவுட்டர். தண்ணீர்த் தொட்டி மட்டத்தைப் பார்க்கிற ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி அந்த ரவுட்டரில்தான் இணைந்திருக்கிறது. முகப்பில் உட்கார்ந்து பைத்தான் நிரலை ஓட்டினால் எப்போதும் ‘டைம்அவுட்’, அதாவது பையிடமிருந்து பதிலே வராது. நேற்று ராத்திரி வீடியோ காலில் கூடினோம். சிங்கப்பூர் நண்பன் என் நிரலை வரிவரியாகத் திட்டினான் (அவனுக்கு அது பொழுதுபோக்கு). சென்னைக்காரன்தான், “முதல்ல பிங் பண்ணுடா” என்றான், பையை எட்ட முடிகிறதா என்று பார்க்க. போகவில்லை!

நிரல் பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை. முன்ரவுட்டர் 192.168.1 வரிசையில், பின்ரவுட்டர் தனியாக 192.168.0 வரிசையில் முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது; வலைகள் இரண்டாகப் பிரிந்ததால் முகப்பிலிருந்து பையை எட்ட முடியவில்லை. பின்னதற்கு 192.168.1.2 என்று வைத்து, அதன் டிஹெச்சிபியை (தானாக முகவரி கொடுக்கிற வசதி) அணைத்து, கேபிளை வான் (WAN, வெளி இணைப்புக்கானது) போர்ட்டிலிருந்து லேன் (LAN, வீட்டு இணைப்புக்கானது) போர்ட்டுக்கு மாற்றினோம். அப்புறம் ராஸ்பெரி பையை ரீஸ்டார்ட் செய்ததும் தொட்டிக் கணக்கு வந்துவிட்டது.

இனி கேபிளைச் சுவரில் ஒழுங்காகப் பொருத்துவதுதான் பாக்கி. சுவரில் ஆணி அடிக்க அப்பத்தா விடமாட்டார். துளை போடாமல் இழுத்தவர்கள் யாராவது வழி சொல்லுங்களேன்.