வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளுக்குக் காரும் கூடாரமுமாக: முதலில் ஃபெர்ரி, மற்றதெல்லாம் பிறகு

பிரிட்டனுக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பங்களின் ஸ்காட்லாந்துப் பயணம் பெரும்பாலும் எடின்பரோ, லாக் நெஸ், ஸ்கை தீவு என்று முடிந்துவிடுகிறது. ஸ்கை தீவுக்கும் மேற்கே, அட்லாண்டிக் ஓரமாகத் தெற்கு வடக்காக நீண்டு கிடக்கின்றன வெளி ஹெப்ரிடீஸ் தீவுகள். தெற்கே வாட்டர்சே, பாரா. பிறகு எரிஸ்கே, தெற்கு யுவிஸ்ட், பென்பெக்யூலா, வடக்கு யுவிஸ்ட், பெர்னரே. வடக்கே ஹாரிஸ், லூயிஸ். பல தீவுகளை இன்று கடலுக்குக் குறுக்கே போட்ட கற்பாதைகள் இணைக்கின்றன. 1991இல் வாட்டர்சே, 1999இல் பெர்னரே, 2001இல் எரிஸ்கே இப்படிச் சாலையோடு சேர்ந்தன. ஆகவே முழு நீளத்தையும் காரிலேயே போகலாம். இடையில் இரண்டு சிறிய ஃபெர்ரிகளும், போக ஒன்று, வர ஒன்று என இரண்டு பெரிய ஃபெர்ரிகளும் மட்டும் வேண்டும்.

அந்த நான்கு ஃபெர்ரிகள்தான் உங்கள் திட்டத்தின் எலும்புக்கூடு. கூடாரம் எங்கே போடுவது, எந்தக் கடற்கரை பார்ப்பது என்று முதலில் பட்டியல் போட்டுவிட்டு டிக்கெட் தேடினால், ஜூலை ஆகஸ்டில் காருக்கு இடம் இருக்காது. நடந்து ஏறுபவருக்கு இடம் கிடைத்துவிடும்; காருக்குத்தான் கிடைக்காது. பெருநிலத்தின் ஓபன் துறைமுகத்திலிருந்து பாராவின் காசில்பே வரை ஏறக்குறைய நாலே முக்கால் மணி நேரம். பாராவிலிருந்து எரிஸ்கேவுக்கு 40 நிமிடம். பெர்னரேயிலிருந்து ஹாரிஸின் லெவர்பரோவுக்கு ஒரு மணி நேரம். லூயிஸின் ஸ்டோர்னோவேயிலிருந்து பெருநிலத்தின் அல்லாபூலுக்கு இரண்டரை மணிக்கு மேல். நான்கையும் ஒரே நாளில் உட்கார்ந்து பதிவு செய்யுங்கள். ஒன்று கிடைக்காவிட்டால் மற்ற மூன்றின் தேதியையும் நகர்த்த வேண்டியிருக்கும்.

பதிவு செய்யும்போது காரின் நீளத்தையும் உயரத்தையும் கேட்பார்கள். பின்னால் சைக்கிள் தாங்கி இருந்தால் அதையும் நீளத்தில் சேர்க்க வேண்டும். கூரைப் பெட்டி இருந்தால் அதன் உச்சிவரை உயரம். தவறாகச் சொன்னால் துறைமுகத்தில் கூடுதல் கட்டணம் கேட்கலாம். தளத்தில் இடம் பொருந்தாவிட்டால் ஏற்றாமலும் விடலாம். கப்பலில் காரை விட்டு மேலே போகும்போது அலாரத்தை அணைத்துவிடுங்கள். கப்பல் ஆடினாலே அது அலறத் தொடங்கும்.

இனி கிழமைக் கணக்கு. ஹாரிஸும் லூயிஸும் ஞாயிறைக் கட்டுப்பாட்டோடு கடைப்பிடிக்கும் பிரெஸ்பிட்டேரியன் (புராட்டஸ்டண்ட் பிரிவு) தீவுகள். ஸ்டோர்னோவே–அல்லாபூல் ஃபெர்ரி ஞாயிற்றுக்கிழமை ஓடத் தொடங்கியதே 2009இல்தான். இன்றும் அங்கே ஞாயிறன்று பெரும்பாலான கடைகளும் உணவகங்களும் மூடியிருக்கும். ஆனால் பாராவும் தெற்கு யுவிஸ்டும் கத்தோலிக்கத் தீவுகள். சாலையோரம் சிறு சிறு மாதா கெபிகள் நிற்கும். ருவேவல் மலைச்சரிவில் 1957இல் வைத்த பெரிய கருங்கல் மாதா சிலை தூரத்திலிருந்தே தெரியும். மன்னாரிலும் தூத்துக்குடியிலும் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி சட்டென்று நெருக்கமாகிவிடும். எனவே இப்படித் திட்டமிடுவது நல்லது: வியாழனன்று ஓபனில் ஏறி, வியாழனும் வெள்ளியும் பாராவில் தங்கல். சனிக்கிழமை எரிஸ்கேவுக்குக் கடந்து, திங்கள் வரை மூன்று இரவு யுவிஸ்ட் தீவுகளில். செவ்வாய் ஹாரிஸ், அங்கே இரண்டு இரவு. வியாழனும் வெள்ளியும் லூயிஸ். சனிக்கிழமை ஸ்டோர்னோவேயில் கப்பல் ஏறினால் மொத்தம் 9 இரவு. ஒரே ஒரு ஞாயிறு, அதுவும் தெற்கு யுவிஸ்டில். சனிக்கிழமைக் கப்பல் காற்றில் ரத்தானாலும் ஞாயிறு கைவசம் இருக்கிறது. திங்கட்கிழமையும் விடுப்பு எடுத்துக்கொண்டால் மனம் நிம்மதியாக இருக்கும்.

கப்பல் ரத்தாவது அங்கே அபூர்வமல்ல. பெர்னரே–லெவர்பரோ கடல் முழுக்கப் பாறைத் திட்டுகள். படகு வளைந்து வளைந்து மிதவைகளுக்கு நடுவே போகும். இருட்டில் ஓடாது, நீர்மட்டம் மிகவும் இறங்கும் வேளைகளிலும் நேரம் மாறும். அதனால் அந்தப் படகு பிடிக்கும் நாளில் வேறு எதையும் முன்பதிவு செய்யாதீர்கள்.

வண்டி விஷயம். பிரிட்டனில் குடியிருக்கத் தொடங்கிய நாளிலிருந்து 12 மாதம் வரை இந்திய, இலங்கை உரிமத்தில் ஓட்டலாம். அதற்குப் பிறகு இங்கே தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டி, உரிமம் வாங்கியே ஆக வேண்டும். வாடகைக் கார் என்றால், ஃபெர்ரியில் ஏற்ற அனுமதி உண்டா, தீவில் பழுதானால் உதவி வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தீவுகளில் பல சாலைகள் ஒற்றைத் தடம். சிறிது தூரத்துக்கு ஒருமுறை ஒதுங்கும் இடம் இருக்கும், பலகையும் இருக்கும். அது உங்கள் இடப்பக்கம் இருந்தால் உள்ளே ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் குறுக்கே போய் நுழையாமல், அதற்கு நேரே உங்கள் பக்கத்திலேயே நின்றால் எதிரே வருபவர் அதற்குள் நுழைந்து கடந்துபோவார். பின்னால் உள்ளூர் வண்டி வந்தாலும் ஒதுங்கி வழி விடுங்கள். அவர் வேலைக்கோ மருத்துவரிடமோ போகிறவராக இருப்பார். ஒதுங்கும் இடத்தில் நிறுத்திப் படம் எடுப்பதுபோல் தீவு மக்களை வருத்துவது வேறில்லை. எதிரே வருபவர் ஒதுங்கினால் கை தூக்கி நன்றி சொல்லுங்கள், எல்லோரும் சொல்கிறார்கள். பெட்ரோல் பாதியாகக் குறைந்ததும் நிரப்பிவிடுவது நல்ல பழக்கம். பெயர்ப் பலகைகளில் கேலிக் மொழிதான் முந்தி நிற்கும்: ஸ்டோர்னோவே அங்கே ‘ஷ்ட்யோர்னவாக்’. தொலைபேசிச் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். காகித வரைபடமும் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடாரம் போடும் உரிமை பற்றிப் பலருக்கும் தவறான எண்ணம் உண்டு. ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் நடந்தோ சைக்கிளிலோ போய்ச் சிறிய கூடாரம் போட்டுத் தங்கும் உரிமையைத் தருகிறது. வண்டிக்கு அந்த உரிமை இல்லை. காரைப் புல்வெளியில் ஏற்றி, பக்கத்தில் பெரிய குடும்பக் கூடாரம் விரிப்பது அதில் அடங்காது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு முகாம் மைதானங்களே சரி: வடக்கு யுவிஸ்டில் பால்ரனால்ட், ஹாரிஸில் ஹோர்கபோஸ்ட் போல. கட்டணப் பெட்டி வைத்திருக்கும் இடங்களில் பணம் போடத் தவறாதீர்கள். அந்தக் காசில்தான் கழிப்பறையும் குழாயும் நடக்கின்றன.

மேற்குக் கரையோரம் ‘மாக்கர்’ என்ற சமவெளி இருக்கிறது. சிப்பித் தூள் கலந்த மணலில் கோடையில் பூக்கள் கம்பளம்போல் விரியும். வேலி இல்லாததால் வெறும் புல்தரை என்று தோன்றும். உண்மையில் சிறு விவசாயிகள் பார்லியும் ஓட்ஸும் ரையும் பட்டை பட்டையாக விதைக்கும் நிலம் அது. முளைவிட்ட பயிரின் மேல் கூடாரம் போடுகிற தவறு இப்படித்தான் நடக்கிறது. ஏப்ரல் முதல் ஜூலை வரை தரையில் கூடு கட்டும் பறவைகளும் அங்கே இருக்கும். தலைக்கு மேல் ஒரு பறவை சுற்றிச் சுற்றிக் கத்துகிறதென்றால், பக்கத்தில் முட்டை இருக்கிறது என்று பொருள். நின்று தேடாமல், வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

மணலில் இன்னொரு சிக்கல் உண்டு. கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் இரவுக் காற்றில் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வரும். V வடிவ நீள முளைகள் 20 வாங்கி, கயிற்றுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து, தலை மண்ணோடு சேரும்வரை அடித்து, மேலே கனமான கல் ஒன்றை வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்த இடத்திலேயே போட்டுவிடுங்கள். கூடாரத்தின் குறுகிய பக்கம் காற்றைப் பார்க்க வேண்டும். காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும் என்றாலும், அன்றைய முன்னறிவிப்பைப் பார்த்துத் திருப்புங்கள். ஆள் நின்று நடமாடும் உயரக் கூடாரங்கள் அங்கே சரிப்படாது. கம்பு வளைந்து ஒடியும்.

அதே காற்று நின்றுவிட்டால் மிட்ஜ் வரும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கடிக்கும் பூச்சி. மே முதல் செப்டம்பர் வரை, விடிகாலையிலும் மாலையிலும் மேகமாய்ச் சூழும். மணிக்கு 7 மைலுக்கு மேல் காற்று வீசினால் பறக்காது. ஆகவே பள்ளத்திலும் நீரோடைப் பக்கத்திலும் இடம் பிடிக்காமல், லேசாகக் காற்றுப்படும் மேட்டைத் தேடுங்கள். ஆளுக்கொரு தலை வலை அவசியம். உண்ணியும் உண்டு: இரவில் கணுக்கால், முழங்கால் பின்புறம், இடுப்புப் பட்டை ஆகிய இடங்களைப் பாருங்கள். இருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெயோ நெருப்போ வேண்டாம். பிறகு சில வாரங்களில் அந்த இடத்தில் வட்டமாகச் சிவப்புப் படர்ந்தால், லைம் நோய்க்காக மருத்துவரைப் பாருங்கள்.

சமையலுக்குத் திருகு வாய் கொண்ட கேஸ் குப்பிகள். நான்கு பேர், இரண்டு வேளைச் சூடான சாப்பாடு, 9 இரவு என்றால் 450 கிராம் குப்பி நான்கு வைத்துக்கொள்ளலாம். குப்பியின் தலையில் நேரே பொருத்தும் அடுப்பைச் சுற்றித் தகரத் தடுப்பு வைக்கக் கூடாது. குப்பி சூடேறி வெடிக்கும் ஆபத்து உண்டு. குழாய் வைத்த அடுப்பாக வாங்குங்கள், காரின் காற்றுப்படாத பக்கத்தில் வையுங்கள். மழை பெய்தாலும் கூடாரத்துக்குள் சமைக்காதீர்கள்: கார்பன் மோனாக்சைடுக்கு மணமே இல்லை. சோற்றுக்கு எரிவாயுவை மிச்சப்படுத்த ஒரு வழி: பாஸ்மதியை அரை மணி ஊறவைத்து, 5 நிமிடம் கொதித்ததும் மூடி, கம்பளியில் சுற்றி 25 நிமிடம் விட்டுவிடுங்கள். பொலபொலவென்று வெந்திருக்கும். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் போத்தலில் கொண்டுபோனால் முதல் மூன்று நாள் கவலை இல்லை. பாராவின் காசில்பே, தெற்கு யுவிஸ்டின் டாலிபர்க், பென்பெக்யூலாவின் கிரகோரி ஆகிய ஊர்களில் சிறிய சூப்பர் மார்க்கெட் உண்டு. ஸ்டோர்னோவேயில் பெரியவை உண்டு. கறிவேப்பிலை, பச்சை மிளகாய் மட்டும் வீட்டிலிருந்தே.

ஜூனில் 18 மணி நேரம்வரை வெளிச்சம் இருப்பதால் குழந்தைகள் தூங்க மறுப்பார்கள். கண்மறைப்புத் துணி வாங்குங்கள். வெயில் தெரிந்தாலும் பகலில் 15 பாகை போல்தான் இருக்கும், இரவில் அதற்கும் கீழே. கீழிருந்து ஏறும் குளிருக்குக் காற்றடைத்த மெத்தை போதாது. அதன் மேல் நுரை விரிப்போ கம்பளியோ போடுங்கள்.

வீடு வந்ததும் கூடாரத்தைப் பையோடு பரணில் ஏற்றிவிடாதீர்கள். உப்பும் மணலும் போக நல்ல தண்ணீரில் அலசி, மாடிப்படிக் கைப்பிடியிலாவது விரித்து இரண்டு நாள் உலர விடுங்கள். ஈரத்தோடு மடித்தால் ஒரே வாரத்தில் பூஞ்சைக் கறை விழும், அடுத்த கோடையில் தையல் வழியே நீர் இறங்கும்.