1404: ஒரு வரியைத் தேடிப் பாராளுமன்றம் வரை

சின்னம்மாவின் தென்னந்தோட்டம் ஒன்றேகால் ஏக்கர். இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்பு நகரத்துக்குத் தெற்கே, வாவிப் பக்கம் இறங்கும் ஒழுங்கையின் கடைசியில் இருக்கிறது. 1990இல் சண்டை மூண்டபோது கதவைச் சாத்திவிட்டு ஓடியவர்கள், திரும்பி வந்து பார்த்தபோது தோட்டம் இராணுவ முகாமின் முட்கம்பிக்கு உள்ளே இருந்தது. இன்றைக்கும் உள்ளேதான். காணி உறுதி மட்டும் அவரிடம், ஒரு பழைய பிஸ்கட் தகரத்துக்குள்.

2024 ஒக்டோபரில் ஒரு நாள் என்னிடம் கேட்டார்: "தனியார் காணியில இருக்கிற முகாமுக்கு அரசாங்கம் வாடகை கட்டுதாமே. அப்படியெண்டா நம்மட காசு எங்க கிடக்கு புள்ள? நீ கணக்குக் கந்தோர்ல தானே இருந்த?"

இருந்தேன். ஒரு பிரதேச செயலகத்தின் கணக்குக் கிளையில் இருபத்தேழு வருடம். சம்பளம் என்றால் 1001, எரிபொருள் என்றால் 1202, வாடகையும் உள்ளூர் வரியும் என்றால் 1404. இந்தப் பொருட்குறிகள் தூக்கத்திலும் வரும். ஒதுக்கீடு வந்த பிறகு செலவழிப்பதுதான் எங்கள் வேலை. வருவதற்கு முன்னால் அந்தப் பணம் எந்த வழியால் நடந்து வருகிறது, அதுவும் இராணுவத்துக்கு, என்று நான் ஒருநாளும் பின்தொடர்ந்து பார்த்ததில்லை. சின்னம்மாவுக்கு மறுமொழி சொல்ல முடியாமல் போனது மனதைக் குடைந்தது. 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தை முதலிலிருந்து முடிவு வரை தொடர்ந்து பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

முதலில் அரசியலமைப்பை எடுத்தேன். அரச நிதியின் முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்திடம் என்கிறது 148ஆம் உறுப்புரை. பாராளுமன்றம் வழங்காத பணத்தை அரசின் பொதுப் பணப்பையான திரட்டு நிதியிலிருந்து எடுக்க நிதி அமைச்சரால் ஆணை கொடுக்க முடியாது என்கிறது 150ஆம் உறுப்புரை. அப்புறம் 1949ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க இராணுவச் சட்டம். அது நிலையான சட்டம், வருடா வருடம் புதுப்பிக்கத் தேவையில்லை. ஆக, இராணுவம் இருக்கலாமா, எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற கேள்வி எங்கள் பாராளுமன்றத்தின் முன் ஒவ்வொரு வருடமும் வருவதில்லை. வருவது பணம் மட்டும். அந்த அனுமதி டிசம்பர் 31உடன் முடிந்துவிடும்.

வேறு நாடுகளிலும் இப்படித்தானா என்று தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் இரண்டு படி இருக்கிறது. அங்கே காங்கிரசின் இரு சபைகளிலும் ஆயுதப்படைகளுக்கென்று தனிக் குழு உண்டு. மாதக் கணக்கில் அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரித்து, ஒவ்வொரு படையிலும் எத்தனை பேர் இருக்கலாம், எந்தக் கப்பல், எந்த விமானம், சம்பளம் எவ்வளவு கூடும் என்று ஒரு சட்டமாக எழுதுவார்கள். 1961இலிருந்து ஒரு வருடமும் விட்டதில்லை. 2025 நிதியாண்டுக்கான சட்டத்தில் 2024 டிசம்பர் 23இல் ஜனாதிபதி பைடன் கையெழுத்திட்டார். ஏறத்தாழ 895 பில்லியன் டொலருக்கு அனுமதி, கீழ்நிலைப் படையினருக்கு 14.5 சதவீதச் சம்பள உயர்வு. ஆனால் அந்தச் சட்டம் ஒரு சதத்தையும் கையில் கொடுக்காது. பணத்துக்கு வேறொரு சட்டம் வேண்டும். அது அந்த முறை 2025 மார்ச்சில்தான் வந்தது, அதுவும் முந்திய ஆண்டின் அளவை ஒட்டிய ஏற்பாடாக. எங்களுக்கு அந்த முதற்படியே இல்லை. இதை விளங்கிக்கொண்ட பிறகுதான் நான் எதைத் தேடவேண்டும் என்பது பிடிபட்டது.

அந்த வருடம் நடைமுறையும் வழமைபோல் இல்லை. சாதாரணமாக நவம்பரில் வரவு செலவுத் திட்ட உரை, டிசம்பரில் இறுதி வாக்கெடுப்பு. 2024 நவம்பர் 14இல் பொதுத் தேர்தல் வந்ததால் அதற்கு நேரமிருக்கவில்லை. டிசம்பரில் 2025இன் முதல் நான்கு மாதச் செலவுக்கு மட்டும் அனுமதி தரும் இடைக்காலக் கணக்கறிக்கையை நிறைவேற்றினார்கள். அதற்குச் சற்று முன்னர்தான் எங்கள் பக்கமும் அம்பாறைப் பக்கமும் வெள்ளத்தில் மூழ்கின. படகோடு வந்து சனங்களை ஏற்றியவர்களில் படையினரும் இருந்தார்கள். இதையும் எழுதத்தான் வேண்டும். சின்னம்மாவே அன்றைக்கு அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவர்.

ஒதுக்கீட்டுச் சட்டமூலம் 2025 ஜனவரி 9இல் சபைக்கு வந்தது. அதுதான் முதலாம் வாசிப்பு. சட்டமூலத்தின் பின்னால் இருக்கும் அட்டவணைதான் உயிர். பாதுகாப்பு அமைச்சு தலைப்பு 103, இராணுவம் 222, கடற்படை 223, விமானப்படை 224. ஒவ்வொன்றின் கீழும் நிகழ்ச்சித்திட்டம், அதற்கு நேரே மீண்டுவரும் செலவு, மூலதனச் செலவு. அவ்வளவுதான். பாதுகாப்பு அமைச்சின் கீழ் எல்லாம் சேர்த்து 442 பில்லியன் ரூபாய், அதில் 382 பில்லியன் மீண்டுவரும் செலவு. சம்பளமும் சாப்பாடும் உடுப்பும் எரிபொருளும் வாடகையும் எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள் போய்விடும். 1404 என்ற எண் சட்டத்தில் எங்கேயும் கிடையாது.

அது இருப்பது மதிப்பீட்டு நூலில். பெப்ரவரியில் திறைசேரியின் இணையத்தளத்தில் அந்தப் பக்கங்களைக் கண்டுபிடித்து, நகரத்தில் ஒரு கடையில் அச்செடுத்தேன். தலைப்பு 222. இடது பக்கம் பொருட்குறி, அதற்கு நேரே முன்னைய ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு, அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகளின் எதிர்வுகூறல். விரலை வைத்து இறங்கினேன். 1001, 1002, 1003. 1203, உணவும் சீருடையும். 1404, வாடகைகளும் உள்ளூர் வரிகளும். நாடு முழுவதற்கும் ஒரே ஒரு வரி. மட்டக்களப்பு என்றோ அம்பாறை என்றோ பிரிக்கப்படவில்லை. எத்தனை ஏக்கர், யாருடைய காணி என்ற பேச்சே இல்லை.

இன்னொன்றும் எனக்கு வேலை அனுபவத்தால் தெரியும். ஒரு பொருட்குறியில் மிச்சம் வந்தால் நிதிப் பிரமாணம் 66இன் கீழ் இன்னொன்றுக்கு மாற்றலாம். ஆகவே பாராளுமன்றத்தில் கையுயர்த்துகிற உறுப்பினர் 1404க்கு இவ்வளவு என்று கையுயர்த்துவதில்லை. மொத்தத்துக்கே உயர்த்துகிறார்.

பெப்ரவரி 17இல் ஜனாதிபதி நிதி அமைச்சராக வரவு செலவுத் திட்ட உரையை வாசித்தார். 25ஆம் திகதி இரண்டாம் வாசிப்பு வாக்கெடுப்பு, ஆதரவாக 155, எதிராக 46. அந்த விவாதத்தைப் பற்றி எழுத எனக்கு அதிகமில்லை. எல்லாரும் எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிற நாட்கள் அவை. நான் காத்திருந்தது குழுநிலை விவாதத்துக்கு. அமைச்சு அமைச்சாக எடுத்துப் பேசுவது அங்கேதான். பாதுகாப்பு அமைச்சுக்குக் குறித்த நாள் பெப்ரவரி 28.

ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்து, பொதுமக்கள் கலரிக்கு அனுமதி எடுத்தேன். வெள்ளாமை வெட்டுக் காலம். வீட்டில் ஆளில்லை, மெசின் வருகிற நாள் தெரியாது. அண்ணன் முணுமுணுத்துக்கொண்டேதான் என்னை இரவு ரயிலுக்கு ஏற்றிவிட்டார். விடியற்காலை கோட்டையில் இறங்கி, முகம் கழுவி, பத்தரமுல்லைக்கு பஸ் எடுத்தேன். வாசலில் தொலைபேசி, பை, என் குறிப்புக் கொப்பி எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டார்கள். அச்செடுத்த பக்கமும் பைக்குள் போய்விட்டது. 1404க்கு நேரே இருந்த தொகையை மனதில் சொல்லிக்கொண்டே உள்ளே போனேன்.

தியவன்னா ஓயாவின் நடுவில் ஜெப்ரி பாவா வரைந்து 1982இல் திறந்த கட்டடம். மேலே உட்கார்ந்தால் சபை முழுவதும் கண்ணுக்குள் வரும். 225 ஆசனம். எங்கள் மாவட்டத்துக்கு ஐந்து பேர், அம்பாறையின் தேர்தல் மாவட்டமான திகாமடுல்லவுக்கு ஏழு பேர். நிறைய ஆசனங்கள் வெறுமையாக இருந்தன.

குழுநிலையில் ஒரு பழைய மரபு உண்டு. எதிர்க்கட்சிப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து, இன்னின்ன தலைப்புகளின் கீழ் உள்ள நிகழ்ச்சித்திட்டங்கள் ஒவ்வொன்றும் பத்து ரூபாயால் குறைக்கப்படவேண்டும் என்று பிரேரிப்பார். நூற்றுக்கணக்கான பில்லியனில் பத்து ரூபாய். அதை யாரும் உண்மையில் வெட்டப்போவதில்லை. அந்த அமைச்சின் எந்த மூலையைப் பற்றியும் பேசுவதற்கான கதவு அது. இதை அறிந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது. அந்தக் கதவால் 1404ஐயும் கொண்டுபோகலாம், யாராவது எடுத்துச் சென்றால்.

அன்றைக்கு ஜனாதிபதி, பாதுகாப்பு அமைச்சரும் அவர்தான், 2030ஆம் ஆண்டுக்குள் இராணுவத்தை 100,000, கடற்படையை 40,000, விமானப்படையை 18,000 ஆக்குவது பற்றிப் பேசினார். இராணுவத்தை 100,000க்குக் கொண்டுவரும் அறிவிப்பு 2023 ஜனவரியிலேயே முன்னைய அரசாங்கத்திடமிருந்தும் வந்தது. நல்ல செய்தி. ஆனால் என் மனம் வேறொன்றில் நின்றது. அமெரிக்காவில் இந்த எண்ணிக்கை சட்டத்தில் எழுதி வாக்கெடுக்கப்படுகிறது. இங்கே அது அமைச்சரின் உரையில் வருகிறது. 100,000 என்பது ஒதுக்கீட்டுச் சட்டத்தின் எந்த இடத்திலும் இல்லை. அரசாங்கம் மாறினால் அதைப் பிடித்துக் கேட்க ஒரு வாசகம் கையில் இல்லை. இது மாறவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். படை வேண்டாம் என்பவளாக இதைச் சொல்லவில்லை. எண்ணிக்கை சட்டத்தில் இருந்தால்தான் அதைப் பற்றிய கேள்விக்கு மறுமொழி சொல்லும் கடமை வரும்.

இரவு ரயிலைப் பிடிக்கவேண்டியிருந்ததால் விவாதம் முடியுமுன் இறங்கிவிட்டேன். மிச்சத்தைப் பாராளுமன்றப் பேச்சுகளின் பதிவான ஹன்சாட்டில் தேடலாம் என்று நினைத்தேன். ஹன்சாட் பேசப்பட்ட மொழியிலேயே அச்சாகும். சிங்களத்தில் பேசியது சிங்களத்தில், தமிழில் பேசியது தமிழில், மொழிபெயர்ப்பு இல்லை. அமைச்சின் மறுமொழிகள் வருவது பெரும்பாலும் சிங்களத்தில். என்னோடு வேலை செய்த அம்பாறைச் சிநேகிதி ஒருவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பக்கத்தில் இருந்து வாசித்துச் சொன்னார். குழுநிலை முடிவில் தலைப்புகளை ஒவ்வொன்றாக வாசித்து, "அட்டவணையின் பகுதியாக இருக்கக் கட்டளையிடப்பட்டது" என்று பதிவாகும். அந்த வாசகத்தைப் படித்தபோது, இருபத்தேழு வருடம் நான் பதிவு செய்த ஒதுக்கீடுகள் எல்லாம் இந்த ஒரு வசனத்தால்தான் வந்தன என்று தோன்றியது.

மார்ச் 21இல் மூன்றாம் வாசிப்பு. 159 ஆதரவு, 45 எதிர்ப்பு. சபாநாயகர் சான்றுரை எழுதியதும் சட்டம். ஜனாதிபதியின் கையெழுத்து தேவையில்லை.

சின்னம்மாவின் கேள்வி அப்படியே இருந்தது. ஏப்ரலில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போட்டேன். கேட்டது இரண்டே விடயம்: இந்த உறுதி இலக்கமுள்ள காணி குத்தகையில் இருக்கிறதா, இருந்தால் வாடகை யாருக்குப் போகிறது. தேசிய பாதுகாப்பு என்று சொல்லி 5ஆம் பிரிவைக் காட்டித் திருப்பிவிட்டார்கள். ஒரு வாடகை ரசீதில் என்ன பாதுகாப்பு இரகசியம் இருக்கமுடியும்? கோபத்தில் அன்று சாப்பிடவில்லை. பதினான்கு நாள் முடியுமுன் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு எழுதினேன். முகாமின் அமைப்பையோ ஆட்களையோ கேட்கவில்லை, மதிப்பீட்டில் அச்சாகியிருக்கிற 1404 என்ற வரியைப் பற்றித்தான் கேட்கிறேன் என்று எழுதி, அந்தப் பக்கத்தின் பிரதியையும் இணைத்தேன்.

அதற்கு மறுமொழி வந்தது. ஒரே வசனம். அந்தக் காணிக்குக் குத்தகை உடன்படிக்கை எதுவும் இல்லை.

அதாவது, அந்த வரியில் சின்னம்மா இல்லவே இல்லை. முப்பத்தைந்து வருடம்.

அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடுகளைத் திறைசேரி அமைச்சுகளிடம் கேட்பது வருட நடுப்பகுதியில். ஒரு வரிக்குள் எதையாவது சேர்க்கவேண்டுமென்றால் கேட்கவேண்டிய காலம் அதுதான். நவம்பருக்குப் பிறகு பேசலாம், சேர்க்க முடியாது. ஆகவே ஜூலையில் இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று பிரதேச செயலகத்துக்கு, காணியை விடுவிக்க, அல்லது குத்தகைக்கு எடுக்க. மற்றது எங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் முப்படையிடம் இருக்கும் தனியார் காணி எத்தனை ஏக்கர், அவற்றுள் 1404இன் கீழ் வாடகை பெறுபவை எத்தனை என்று வாய்மூல விடைக்கான வினாவாகக் கேட்கச் சொல்லி.

சின்னம்மாவுக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். பத்து ரூபாய்க் கதையைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கி, "எது அந்த வரி?" என்றார். நீலப் பேனையால் கீறிக் காட்டினேன். நான்காக மடித்து, பிஸ்கட் தகரத்தைத் திறந்து, உறுதிக்கு மேலே வைத்து மூடினார்.

"அடுத்த முறை அந்தக் கந்தோருக்குப் போகக்குள்ள சொல்லு. நானும் வாறன்," என்றார்.