ராமேஸ்வரம் போகிறவர்களே, ராமநாதபுரத்தில் ஒருமுறை இறங்குங்கள்!

ஊர் திரும்பிய கையோடு எழுதுகிறேன். ராமநாதபுரம் அரண்மனைக்குள் இருக்கும் இராமலிங்க விலாசம் என்ற தர்பார் மண்டபத்தின் சுவர் ஓவியங்களைப் பார்க்காமல் நேராகக் கடலுக்கும் கோயிலுக்கும் ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே ஆதங்கமாக இருக்கிறது.

எரிச்சலை முதலில் சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து வந்த பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை, பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. இறங்கியதும் அரண்மனைக்கு ஆட்டோக்காரர் 200 ரூபாய் கேட்டார். அந்தத் தூரத்துக்கு அது பகல் கொள்ளை. டவுன் பஸ்ஸில் போனேன், மிச்சமான காசு மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆனது.

சரி, ஓவியத்துக்கு வருவோம். இராமலிங்க விலாசத்தைக் கட்டியவர், ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்களில் ஒருவரான கிழவன் சேதுபதி. சுவர்களில் படம் நிறைந்தது முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். சிவப்புப் பின்னணியில் ராமாயணமும் பாகவதமும் ஓடுகின்றன. என்னை நகர விடாமல் பிடித்துவைத்தது அரசியல் படங்கள்தான்.

ஒன்றில் ராஜராஜேஸ்வரி அம்மனே சேதுபதியிடம் செங்கோலைக் கொடுக்கிறாள். இன்னொன்றில் மதுரை மன்னர் விஜயரங்க சொக்கநாத நாயக்கர் சேதுபதிக்கு ரத்தினாபிஷேகம் செய்கிறார். அதற்கு நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த வம்சத்தின் சடைக்கத் தேவருக்குச் சேதுபதிப் பட்டம் கொடுத்தவரே மதுரையின் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர்தான். பட்டம் கொடுத்த வீட்டின் வாரிசு இங்கே மணிகளைக் கொட்டி மரியாதை செய்கிறார், செங்கோலோ அம்மன் கையிலிருந்து வருகிறது. ‘இனி நாங்கள் யாருக்கும் கீழே இல்லை’ என்று தர்பாருக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் சுவரே சொல்லிவிட்டது! நான் பார்த்த எந்தக் கல்வெட்டும் இவ்வளவு துணிச்சலாகப் பேசியதில்லை.

ஐரோப்பியர்களைச் சேதுபதி வரவேற்கும் காட்சியும் இருக்கிறது. 1658இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்களுக்கு மன்னார் வளைகுடாவின் முத்தும் சங்கும் வேண்டும். அந்தக் கரையில் பெரும்பகுதி சேதுபதியின் கையில். அதனால் அவர் தயவு இல்லாமல் வியாபாரம் நடக்காது. படத்தில் தர்பாரின் நடுநாயகம் சேதுபதிதான், வெள்ளைக்காரர்கள் அவரைத் தேடி வந்தவர்கள். தஞ்சை மராத்தியரோடு நடந்த போரையும் விடாமல் வரைந்திருக்கிறார்கள். மாடியில் அந்தப்புரக் காட்சிகள், அவற்றையும் தவறவிடாதீர்கள்.

சில இடங்களில் வண்ணம் உதிர்ந்திருக்கிறது. பார்க்க வந்தவர்கள் சுவரில் கிறுக்கிய பெயர்களும் தெரிகின்றன. முந்நூறு வருஷப் படத்தின் மேல் காதலி பெயரை எழுதும் கை எப்படிப்பட்ட கையோ!

வெளியே வந்து சாப்பிட்ட சங்கரா மீன் குழம்பு பற்றித் தனியாகவே எழுதலாம். புளியும் காரமும் அளவோடு, மீன் அன்றைக்குப் பிடித்ததுபோல அவ்வளவு மிருதுவாக இருந்தது. இரண்டாவது முறை சோறு வாங்கினேன், கூடுதல் காசு கேட்கவில்லை.

நுழைவுக் கட்டணம் பர்ஸைக் கடிக்காது. காலையிலேயே போய்விடுங்கள், நிதானமாக நின்று பார்க்க அரை நாளாவது வேண்டும். அப்புறம் ராமேஸ்வரத்துக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது.