ராத்திரிப் பால் புட்டியை நிறுத்திய கதை

ஈறு துடைக்கிற பழக்கம் மகனுக்குக் கைக்குழந்தையிலேயே இருந்தது. வேட்டித் துணியைக் கிழித்து, வெந்நீரில் அலசி ஆறவைத்து, விரலில் சுற்றித் துடைப்பேன். அதனால் கீழ் முன்பல் இரண்டும் முளைத்து பிரஷுக்கு மாறியபோது பெரிய ரகளை இல்லை. மடியில் மல்லாத்தி, அரிசியளவு ஃபுளோரைடு பேஸ்ட். அவ்வளவுதான்.

பல் முளைக்கையில் ஜொள்ளாக வடிந்தது. ஃபிரிட்ஜில் வைத்த ரப்பர் வளையமே போதுமாக இருந்தது. ஆச்சி தேன் தடவச் சொன்னாள்; ஒரு வயதுக்குள் தேன் ஆகவே ஆகாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மரத்துப்போகிற ஜெல்லும் வேண்டாமென்றார். நடுவில் காய்ச்சல் கொதித்தது. "பல்லுக் காய்ச்சல்தாம்ட்டி" என்றாள் ஆச்சி. தூக்கிக்கொண்டு ஓடினால், காதில் சீழ். பல் முளைப்பதால் அப்படிக் காய்ச்சல் அடிக்காதாம்.

உண்மையான பாடு ராத்திரிப் புட்டிதான். பனங்கற்கண்டு போட்ட பாலை உறிஞ்சிக்கொண்டே தூங்குவான். முதல் பிறந்தநாளையொட்டிப் பாளையங்கோட்டையில் பல் டாக்டரிடம் காட்டினோம். முதலில் கேட்டதே அதைத்தான். தூக்கத்தில் எச்சில் குறைவாகச் சுரக்கும். பால் பல்லிலேயே தங்கும். மேல் முன்பல்தான் முதலில் சொத்தையாகும், கீழ்ப்பல்லை நாக்கு மூடிக் காப்பாற்றும் என்றார்.

"கற்கண்டு என்ன சீனியா? உடம்புக்குக் குளிர்ச்சில்லா!" என்று ஆச்சிக்குக் கோபம். உடம்புக்கு எப்படியோ, பல்லைத் தின்கிற கிருமிக்கு இரண்டும் ஒன்றுதான். அடுத்து, "விழப்போற பல்லுக்கு இம்புட்டுப் பாடா?" நியாயமான கேள்வி. ஆனால் கடைவாய்ப் பால்பல் விழப் பத்து, பன்னிரண்டு வயதாகும். அதுவரை சவைக்க வேண்டும், அடியில் வரும் பல்லுக்கு இடமும் பிடித்து வைக்க வேண்டும்.

முதலில் கற்கண்டை நிறுத்தினேன். பிறகு பாலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கூட்டி, கடைசியில் வெறும் தண்ணீர். பாலை டம்ளரில் ராச்சாப்பாட்டோடு கொடுத்து, பிறகு பல் தேய்ப்பு. வெறும் தண்ணீர் கொடுத்த முதல் ராத்திரிகளில் தெருவே விழித்திருக்கும். அவன் அப்பாதான் தோளில் போட்டு நடந்தார். பிறகு புட்டியைத் தேடுவதையே விட்டுவிட்டான்.

இப்போது அவ்வப்போது மேலுதட்டைத் தூக்கிப் பார்க்கிறேன். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் ஆரம்பம். அப்போதே போனால் ஃபுளோரைடு வார்னிஷ் என்கிற பல் பூச்சு மருந்தைத் தடவி நிறுத்திவிட வாய்ப்புண்டு. குழி விழுந்துவிட்டால், பெரும்பாலும் அடைக்கத்தான் வேண்டிவரும்.