பின்னால் ஓடிய கார்

மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் கேட்டதும் எனக்கு நினைவு வந்தது ஒரு கார். அது பள்ளிக்கூட வாசலுக்கு ஒருநாளும் வந்ததில்லை. என் பௌதிகக் கொப்பியில் மட்டும் ஓடியது.

செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் செல்லும் காருக்கு பிரேக் போடப்படுகிறது. செக்கனுக்குச் செக்கன் 4 மீற்றர் வீதம் வேகம் குறைகிறது. 6 செக்கனில் அது கடக்கும் தூரம் என்ன? 'வீ சமன் யூ சக ஏரீ' (v = u + at) முதலான இயக்கச் சமன்பாடுகளை வாய்ப்பாடு போல ஒப்புவிக்கத் தெரிந்த திமிர் எனக்கு. பிரேக் இல்லாமல் 6 செக்கனில் போயிருக்கக்கூடிய 120இலிருந்து பிரேக் குறைத்த 72ஐக் கழித்து, 48 மீற்றர் என்று எழுதி, முதல் ஆளாகக் கொப்பியை நீட்டினேன். சேர் சிவப்புப் பேனையைத் தொடவே இல்லை.

"தம்பி, உங்கள் கார் நின்ற பிறகு ஏன் பின்னால் ஓடுகிறது?"

வகுப்பே சிரித்தது, எனக்கு மட்டும் விளங்கவில்லை. (சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு விளங்கியது என்பது வேறு கதை.) கரும்பலகையில் வேக நேர வரைபைக் கீறினார். 20இல் தொடங்கிய கோடு சரிந்து வந்து 5ஆவது செக்கனில் நேர அச்சைத் தொட்டது. கோட்டுக்குக் கீழுள்ள முக்கோணத்தின் பரப்பு, அதாவது கடந்த தூரம், 50. கார் நின்றது அங்கேதான். நானோ கோட்டை அச்சுக்குக் கீழேயும் இழுத்து, கடைசிச் செக்கனில் காரை 2 மீற்றர் திரும்பி வரச் செய்திருந்தேன். பிரேக் காரை நிறுத்துமே தவிரப் பின்னுக்குத் தள்ளாது என்பது சமன்பாட்டுக்குத் தெரியாது. எனக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

சூடுபட்ட பூனையானேன். சில வாரங்களின் பின் வேறொரு கணக்கு: 25 மீற்றர் உயரக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு கல் செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் நேர்மேலே எறியப்படுகிறது. புவியீர்ப்பு ஆர்முடுகலை, அதாவது வேகம் செக்கனுக்குச் செக்கன் மாறும் வீதத்தை, 10 என்று கொண்டால், அது நிலத்தை அடையும் நேரம் 5, அல்லது சய 1 (−1) செக்கன். சய 1 என்பது இன்னொரு பொய்க் கார் என்று எண்ணி உடனே வெட்டினேன். அதற்கும் சேர் விடவில்லை. ஒரு செக்கனுக்கு முன்பு நிலத்திலிருந்தே 30 மீற்றர் வேகத்தில் எறிந்த கல்லும், கோபுர உச்சியைக் கடக்கும் கணத்தில் சரியாக அதே 20 வேகத்தில்தான் மேலே போய்க்கொண்டிருக்கும் என்று கணித்துக் காட்டினார். கேட்ட கேள்விக்கு அது விடையல்ல. ஆனால் பொய்யுமல்ல.

வெட்டிய கோட்டுக்கு மேலே அந்தச் சய ஒன்றைத் திரும்ப எழுதி வைத்தேன்.