“நல்லா இழுத்து விடுங்க”

“மூச்சே பத்தலைங்க” என்பவரிடம் “நல்லா இழுத்து விடுங்க” என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. வந்திருப்பது பேனிக் அட்டாக், அதாவது திடீரென மூளும் கடும் பதற்றம் என்றால், கெடுப்பதே அந்த இழுப்புதான்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், ஆக்சிஜன் 99 சதவீதம் என்றே காட்டும். குறைந்திருப்பது கார்பன் டை ஆக்சைடு. நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டிய மூச்சு 30ஐத் தாண்டினால், அந்த வாயு மளமளவென வெளியேறி ரத்தம் காரத்தன்மைக்குச் சாயும். மூளை ரத்தக்குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும். ரத்தத்தில் தனித்திருக்கும் கால்சியம் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பு வரும், விரல் மரத்துப்போகும். சிலருக்குக் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி, மற்ற விரல்கள் விறைத்து நிற்கும். பக்கவாதமோ என்று பயந்து அவர் இன்னும் வேகமாக இழுப்பார்.

அப்போது “முதல்ல வெளிய விடுங்க” என்பதே சரி. பிறகு மூக்கால் 4 நொடி உள்ளே, உதட்டைக் குவித்து 6 நொடி வெளியே. தோள் ஏறக் கூடாது, வயிறுதான் அசைய வேண்டும். எண்ண முடியாதவருக்கு நாமே கூட உட்கார்ந்து விட்டுக் காட்டலாம். பலர் வேகத்தைக் குறைத்து அளவைக் கூட்டிவிடுவார்கள்; நெஞ்சு நிறைய இழுத்தால் மெதுவாக இழுத்தும் பயனில்லை.

இதுவும் எல்லோருக்கும் சரியா? சர்க்கரை நோயாளிக்கு ரத்தத்தில் அமிலம் கூடினாலும் மூச்சு ஆழமாக, வேகமாகத்தான் ஓடும். அது உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் ஓட்டம். அடக்கச் சொல்வது ஆபத்து. அதனால் முதல் தடவை வருபவருக்கு இசிஜியும் ரத்தச் சர்க்கரையும் பார்க்காமல் ‘பதற்றம்தான்’ என்று முடிவு கட்டக் கூடாது. காகிதப் பையில் மூச்சு விடச் சொல்வதும் வேண்டாம். ஆஸ்துமாவோ மாரடைப்போ நுரையீரலில் ரத்தக்கட்டோ இருந்தால் ஆக்சிஜன் இறங்கிவிடும்.

உறுத்துவது வேறொன்று. அட்டாக் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டுத் தானாகவே இறங்கும். ஆனால் “அப்படி மூச்சு விடலைன்னா போயிருப்பேன்” என்கிறார்கள். பயிற்சியே ஊன்றுகோலாகிவிடுகிறது. அதனால்தான் சில சிகிச்சையாளர்கள், இதய நோயும் வலிப்பும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, ஒரு நிமிடம் வேண்டுமென்றே வேகமாக மூச்சு விடவைத்து, தலை சுற்றினாலும் ஒன்றும் ஆகாது என்று அனுபவத்தில் காட்டுகிறார்கள். விரல் மடங்கிக் கிடப்பவரிடம் அதைச் சொல்ல முடியுமா? அந்த நேரத்தில் கைக்கு எட்டுவது 4, 6 கணக்குதான். அடங்கியபின், இது இல்லாமலும் அடங்கியிருக்கும் என்று சொல்லிப் பார்க்கிறோம். கணக்கை மட்டும் எழுதித் தரச் சொல்கிறார்கள்.