குரேஸ் போகலாமா?
காஷ்மீர் என்றாலே அம்மா முகம் மாறும். குரேஸ் பள்ளத்தாக்கு என்றதும், "பார்டர் பக்கத்துலயா? ஏன், கொடைக்கானல் போனா ஆகாதா?" என்று ஆரம்பித்துவிட்டாள்.

அவள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் இந்திய, பாகிஸ்தான் ராணுவங்கள் இரண்டும் சண்டை நிறுத்தத்தை மறுபடி உறுதி செய்த பிறகுதான் அங்கே ஆட்கள் அதிகம் போகத் தொடங்கினார்கள். 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதல், மே மாதம் எல்லையோரம் ஷெல் வீச்சு.

எனக்கென்னவோ பயம் பாதைதான். பந்திபோராவிலிருந்து ராஸ்தான் கணவாய் ஏறித்தான் குரேஸின் முக்கிய ஊரான தாவருக்கு இறங்க வேண்டும். பனி கொட்டினால் அடைத்துவிடுவார்கள். நம்ம ப்ரீபெய்டு சிம்மும் காஷ்மீரில் எடுக்காது, போஸ்ட்பெய்டுக்கு மாற வேண்டும். (அம்மாவிடம் தினமும் பேசாவிட்டால் அது தனிப் போர்.)

ஜூலையில் கிளம்புகிறேன். ஸ்ரீநகர் வரைக்கும் மட்டும் டிக்கெட், அதுவும் ரீஃபண்ட் வருகிற மாதிரி. மிச்சத்தை அங்கே சுமோ ஓட்டுகிறவர்களிடம் கேட்டுக்கொண்டு பார்ப்போம்.